என் பங்கு நெய்

காலையில் மருமகள் வடை சுட்டாள். சுட்டு முடித்ததும் வாணலியோடு தூக்கிக்கொண்டு போய் மிச்ச எண்ணெயைக் கொல்லைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். நான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுட்ட எண்ணெயும் சாக்கடை ஈரமும் கலந்த வாடை ஜன்னல் வழியாக வந்தது. 'ஏய், ஏய்' என்று சத்தம் தொண்டைவரை வந்துவிட்டது. எண்ணெய்த் தரகனாகவே கிழடு தட்டிப்போன கட்டை அல்லவா! தரையில் ஒரு சொட்டுச் சிந்தினால்கூட விரலால் ஒற்றி எடுத்து உச்சந்தலையில் தடவிக்கொள்கிற ஊர் இது. இருந்தாலும் சத்தத்தை முழுங்கிக்கொண்டேன். அவள் செய்ததுதான் சரி. அவள் இந்த வீட்டுக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே நீ போய்விட்டாய், மாமியாரான உன்னை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். நீ மட்டும் இருந்திருந்தால், 'லட்சுமியைச் சாக்கடையில ஊத்துறாளே, இந்தக் கூத்து எங்கனயாவது உண்டுமா?' என்று தெருவையே கூட்டியிருப்பாய்.

ஊற்றட்டும். நீயும் அப்படி ஊற்றியிருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்தேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வது? மகன் காலையில் கிளம்பினால் விளக்கு வைத்தபிறகுதான் வருகிறான். மருமகள் நல்ல பெண். வேளைக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். ஆனால் நான் கோபப்பட்டால் அவள் பயந்துபோய் உள்ளே போய்விடுகிறாள். பதிலுக்குப் பதில் பேச இந்த வீட்டில் ஆளில்லை. சண்டை போட ஆளில்லாத வீட்டில் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மற்ற ஊர்களில் காய்ச்சல் விட்டால் கஞ்சி கொடுப்பார்கள். நம் விருதுநகரில், பழைய பேரில் விருதுபட்டியில், சுடுசோற்றில் நல்லெண்ணெயை ஊற்றிப் பருப்புப்பொடி போட்டுப் பிசைந்து கொடுத்தால்தான் ஆள் பிழைத்துவிட்டான் என்று அர்த்தம். எனக்குப் பிழைப்பே எண்ணெய்தான். மண்டி மண்டியாகப் போய் மாதிரி எண்ணெய் வாங்கி, உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, விற்கிறவனையும் வாங்குகிறவனையும் சேர்த்து வைக்கிற தரகு. பார்த்து முடித்த மாதிரி எண்ணெயெல்லாம் நம் வீட்டுக்குத்தான் வரும். தீபாவளி வந்தால் கம்பெனிக்காரர்கள் நெய்யும் வனஸ்பதியும் டின்னோடு அனுப்புவார்கள். நம் அடுப்படியில் பருப்புக்குத் தட்டுப்பாடு வந்ததுண்டு, எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. நீ சுட்ட தோசையை இலையில் வைத்தால் அது வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போகும்.

அம்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். மண்டியில் எண்ணெயை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. சூடு என்றார்கள். வீட்டுக்கு வந்தால் நீயும் சூடு என்றாய். மணையில் உட்காரவைத்து, உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தலை முழுகவைத்தாய். அந்த வாரமே மறுபடியும் வழிந்தது. அப்போதுதான் உன் முகம் மாறியது. என் அப்பா என்னைவிடச் சின்ன வயதில், மண்டியில் திண்டில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தவர், அப்படியே போனவர். அதற்குப்பிறகு என் அம்மா வெள்ளைச் சீலையோடு மூலையில் கிடந்ததை நீ கூடவே இருந்து பார்த்தவள். என் சட்டையை ஊறப்போட்டுவிட்டு வந்து, 'கெளம்புங்க, டாக்டர்ட்ட போவோம்' என்றாய்.

தெப்பக்குளத்துப் பக்கம் அப்போது ஒரு டாக்டர் இருந்தார். மதுரையில் படித்தவர், நிதானமான மனிதர். என் கையைச் சுற்றிப் பட்டையைக் கட்டி, ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தார். பெட்டிக்குள்ளே பாதரசம் விறுவிறுவென்று ஏறியது. மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடி ஏறுவதைப் பார்ப்பதுபோல நீ கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தாய்.

"ரத்தக்கொதிப்பு இருக்கு" என்றார் டாக்டர். "ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி விரிஞ்சு சுருங்கணும். உள்ள கொழுப்புப் படிஞ்சா வெறைச்சுப்போகும். வெறைச்ச குழாய்ல ரத்தம் முட்டி மோதித்தான் போகணும். நெய்யை நிறுத்துங்க. பொரிச்சது, வறுத்தது, ஊறுகாய் எதுவும் வேண்டாம். உப்பு பேருக்குப் போடுங்க."

"எண்ணெய்?" என்று கேட்டாய்.

"அதுவுந்தாம்மா."

"விருதுபட்டியில இருந்துக்கிட்டு எண்ணெயில்லாம எப்பிடிங்கய்யா சமைக்கிறது?"

"வீட்டுக்காரர் வேணுமா, எண்ணெய் வேணுமா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நீ சிரிக்கவில்லை.

அவர் பட்டையைச் சுருட்டப்போகும்போது நான் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "இவளுக்கும் ஒரு தடவை பார்த்திருங்கய்யா, எப்பப் பாத்தாலும் தலையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கா" என்றேன். நீ வெடுக்கென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய்.

"நல்லா இருக்கவ கையை நீட்டுனா இல்லாத நோவெல்லாம் தேடி வரும். பிரசரெல்லாம் திண்டுல சாஞ்சு உக்காந்திருக்க மொதலாளிமாருக்கு வர்றது. குனிஞ்சு நிமிந்து வேலை பாக்குறவளுக்கு அது எங்கிட்டு வரும்?"

டாக்டரும் 'அதுவும் சரிதான், உழைக்கிற உடம்பு' என்று பெட்டியை மூடிவிட்டார். அன்றைக்கு ஊரே அப்படித்தான் நினைத்தது. மண்டியில் என் பத்தியத்தைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். 'வைத்தியனுக்குக் கொடுக்கிறதை வாணியனுக்குக் கொடுன்னு சொல்லியிருக்கு, நீ என்னய்யா வைத்தியன் பேச்சைக் கேட்டு வாணியனைக் கைவிடுற?' என்று ஒருவர் முதுகில் தட்டினார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் உன்னிடம் சிரிப்பெல்லாம் செல்லுபடியாகவில்லை. அன்றைக்கே எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. கத்தரிக்காய்க் காம்பை நனைத்துத் தோசைக்கல்லைத் துடைத்து எனக்கு மட்டும் வறட்டுத் தோசை. தணலில் சுட்ட அப்பளம். கொள்ளு ரசம். வேகவைத்த காய். தாளிக்காத குழம்பைப் பார்த்து நான், 'இதென்ன, மாட்டுக்கு வைக்கிற கழனித்தண்ணியா?' என்று ஒருநாள் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நீ கோபப்படுவாய் என்று பார்த்தேன். 'மாட்டுக்குப் பிரசர் வந்தா அதுக்கும் இதைத்தான் வைப்பேன், உக்காருங்க' என்றாய். சிரித்துவிட்டேன், பிறகு எப்படி எழுந்து போவது? உட்கார்ந்து சாப்பிட்டேன். தூத்துக்குடியிலிருந்து சாளை மீன் வந்தால் மட்டும் எனக்குக் கொண்டாட்டம். 'அதுக்கு எண்ணெயே ஊத்த வேண்டாம், அதுவே எண்ணெய் விடும்' என்று சொல்லி மண்சட்டியில் புளி கரைத்துக் கொதிக்கவைத்துத் தருவாய். அது ஏழைப்பட்ட மீன். விருந்தாளிக்கு வைக்கமாட்டாய், எனக்கு மட்டும் வைப்பாய்.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. தந்தி ஆபீஸ் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு எண்ணெய்ப் பரோட்டா தின்றுவிட்டு வந்தேனே ஒருநாள், அந்தக் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வாசலிலேயே சட்டையைப் பிடித்து முகர்ந்தாய்.

"எங்க போனீக?"

"மண்டியிலதான் இருந்தேன். மண்டி வாடை அடிக்கும்ல."

"பச்சை எண்ணெய் வாடையும் சுட்ட எண்ணெய் வாடையும் தெரியாமத்தான் எண்ணெய்த் தரகருக்குப் பொண்டாட்டியா இருக்கேனாக்கும்? எத்தனை பரோட்டா?"

"ஒண்ணே ஒண்ணு."

"உங்க ஆத்தா வெள்ளைச் சீலை கட்டி மூலையில இருந்தாகள்ல, அங்கன போயி நானும் உக்காந்துக்கிறட்டுமா? சொல்லுங்க, இப்பவே உக்காருறேன்."

அதற்கப்புறம் நான் அந்தக் கடைப் பக்கம் போனதில்லை. பயந்துதான் போகவில்லை, உன் கண்ணைப் பார்த்துப் பயந்து.

எனக்குச் சோறு போட்டு, நான் கை கழுவி மண்டிக்குக் கிளம்பிய பிறகுதான் நீ சாப்பிட உட்காருவாய். நம் வீடுகளில் யார் வீட்டில்தான் அப்படியில்லை? நான் எண்ணெயை விட்டேனே தவிர எண்ணெய் நம் வீட்டை விடவில்லை. மாதிரி எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. தீபாவளி டின்கள் வந்துகொண்டே இருந்தன. பிள்ளைகளுக்கும் வருகிறவர்களுக்கும் நீ வடை சுட்டாய், முறுக்குச் சுட்டாய். சுட்டு மிஞ்சிய எண்ணெயை விளக்குக்கு ஊற்றினால் ஆகாது. அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் கேவலம். கீழே ஊற்றினால் லட்சுமி போய்விடுவாள். அப்படியென்றால் அது எங்கேதான் போகும்? உன் இலைக்குத்தான் போனது. எனக்கு நிறுத்திய நெய்யும் அங்கேதான் போனது. எனக்கு வைக்காத ஊறுகாயும் அங்கேதான் போனது. டாக்டர் என் இலையிலிருந்து எடுக்கச் சொன்னதையெல்லாம் நீ எடுத்தாய், எடுத்ததை உன் இலையில் வைத்தாய். இப்படியும் ஒரு வைத்தியம் உலகத்தில் உண்டா?

இருக்கன்குடியில் அது என் கண்முன்னாலேயே நடந்தது. எனக்கு ரத்தக்கொதிப்பு இறங்கினால் மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்தாய். மாத்திரையாலோ பத்தியத்தாலோ பாதரசம் ஒருவழியாக இறங்கியது. ஆடி வெள்ளிக்குச் சாத்தூரில் பஸ் மாறிப் போனோம். ஆற்று மணலில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாய். ஊரெல்லாம் புகை, குலவைச் சத்தம். பொங்கல் பொங்கியதும் எனக்கென்று ஓர் அகப்பை தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் நெய்யைக் கவிழ்த்தாய். சாமிக்குப் படைத்தோம். சாப்பிட உட்கார்ந்தபோது உன் இலையில் இரண்டு ஆள் பொங்கல் இருந்தது, நெய் இலையைத் தாண்டி மணலில் இறங்கியது.

"என்ன, இம்புட்டு?" என்றேன்.

"ஆத்தாளுக்குப் படைச்சதுல உங்க பங்கு இருக்குல்ல? அதை வேண்டாம்னு சொன்னா சாமிக் குத்தம். உங்க பங்கு நெய்யையும் நானே சாப்பிட்டுக்கிறேன்."

"இப்பிடிச் சாப்பிட்டா எனக்கு முன்னாடி நீ போயிருவ பாரு."

"போனா என்ன, பூவும் பொட்டுமாப் போறேன். எண்ணெய் முந்துதோ திரி முந்துதோ, ஆத்தாளுக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு விரலை நக்கிக்கொண்டு சிரித்தாய். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். நானுந்தான் சிரித்தேன். அந்த வெயிலில் நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், அதை நான் எப்படித் தடுப்பேன்?

தீபாவளி கழிந்தால் சிவகாசியிலிருந்து உன் அண்ணன் வருவான். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. சீசன் முடிகிறவரை அவனுக்குத் தலைசீவக்கூட நேரமிருக்காது. அதனால் நம் வீட்டுத் தீபாவளி எப்போதும் அவனுக்காக ஒரு வாரம் தள்ளித் தொடங்கும். அவன் சாத்தூர்ச் சேவும் மிஞ்சிய மத்தாப்பும் கொண்டுவருவான். நீ வனஸ்பதி டின்னை உடைத்து, அவனுக்குச் சுடுசோற்றில் ஒரு கட்டி வைப்பாய், உனக்கும் ஒரு கட்டி வைப்பாய். வெள்ளையாக உறைந்து கிடப்பது சோற்றுச் சூட்டில் நெய்யாக உருகும்.

"ஏலே, உன் தங்கச்சிக்கும் வயசாகுதுலே, கொஞ்சம் சொல்லு" என்றேன் ஒருதடவை அவனிடம்.

அவன் வாய் நிறையச் சோற்றோடு உன்னைப் பார்த்தான். நீதான் பதில் சொன்னாய். "டாக்டரு நெய்யைத்தான மொதல்ல வேண்டாம்னாரு? இது நெய்யில்லைல்ல. நம்ம ஊரு கடலை எண்ணெய்தான உறைஞ்சு வந்திருக்கு. செடியில வெளைஞ்சது என்ன செய்யும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் பார்த்து, நான் முகர்ந்து, நான் தரகு பேசி வண்டி ஏற்றி அனுப்பிய எண்ணெய்தானே அந்தக் கம்பெனிக்குப் போனது? நம் ஊர்ப் பெண் வெளியூர் போய்ப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு திரும்பி வந்ததுபோல அதைப் பார்த்து எனக்குப் பெருமைகூட இருந்தது. வேறு ஊரில் இருந்திருந்தால் அந்த வெள்ளைக் கட்டியைக் கண்டு கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்போமோ என்னவோ. எண்ணெய் ஊர்க்காரர்கள் நாம். எண்ணெயைச் சந்தேகப்பட நமக்குத் தெரியவில்லை.

தலைவலி உனக்குக் கூடிக்கொண்டேதான் வந்தது. சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பாய். நான் மாசம் தவறாமல் டாக்டரிடம் போவேன், நீ துண்டும் மாத்திரைச் சீசாவுமாக என்னோடு வருவாய். எனக்குப் பட்டை கட்டுவார்கள். நீ பக்கத்தில் நெற்றியில் பற்றோடு நின்று பாதரசத்தைப் பார்ப்பாய். இறங்கியிருந்தால் வாசலுக்கு வந்ததும் மாரியம்மன் கோவில் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாய். எத்தனை வருஷம் அப்படி வந்தாய்!

அறுபதுகள் முடியப்போகிற சமயம். பங்குனிப் பொங்கல் முடிந்து கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் எனக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாய். கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. 'என்ன?' என்றேன். பதில் இல்லை. உள்ளே வந்து பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய். வலது கை உன் மடியில் வேறு யாருடைய கையோ போலக் கிடந்தது. வாய் ஒருபக்கமாக இழுத்திருந்தது. கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது, நீ இடது கையால் அதைத் திருப்பச் சொல்லிக் காட்டினாய்.

டாக்டர் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். பாயில் படுத்திருந்த உன் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையைத் தூக்கிப் பட்டையைச் சுற்றினார். நீ மிரண்டுபோய்க் கையை இழுத்தாய். பேச்சுக் குழறியது. இருந்தும் எனக்கு விளங்கியது. என்னைக் கண்ணால் காட்டி, "அது... அவுகளுக்கு" என்றாய்.

டாக்டர் உன் கையைப் பிடித்துப் பட்டையைச் சரியாகக் கட்டினார். பிறகு காற்றடித்தார். பாதரசம் ஏறியது. என் கையில் ஒருநாளும் அது அவ்வளவு உயரம் போனதில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அம்மா என்ன சாப்பிடுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. எந்த மண்டி எண்ணெய் எந்த ஊர்க் கடலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். நீ தினமும் என்ன சாப்பிட்டாய் என்று தெரியவில்லை. வாசற்படியில் நின்ற நம் மகள்தான் அழுதுகொண்டே சொன்னாள். "அப்பா சாப்பிட்டுப் போனப்பறம் நெய்யோ, வனஸ்பதியோ, வடை சுட்ட எண்ணெயோ, எது இருந்தாலும் சோத்துல ஊத்தி ஊறுகாயை வச்சுச் சாப்பிடுவாக. கொட்டுனா பாவம்னு சொல்லுவாக."

அந்த வார வெள்ளிக்கிழமை நீ போய்விட்டாய். பூவும் பொட்டுமாகத்தான் போனாய். தெருப் பெண்கள் வந்து உன் நெற்றியில் குங்குமம் வைத்து, 'கொடுத்து வச்சவ' என்றார்கள். நீ அன்றைக்குச் சொன்னது நடந்துவிட்டது, புருஷன் இருக்கிறான். நான் கூடத்துத் தூணில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு கிழவி என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் மகள் கல்யாணமாகிப் போகிறவரை சமைத்தாள். பிறகு கொஞ்ச காலம் நானே பொங்கித் தின்றேன். அதட்ட ஆளில்லை, சட்டையை முகர ஆளில்லை. நினைத்தால் தினம் பரோட்டா தின்றிருக்கலாம். ஒருநாள் கடைவாசல்வரை போனேன்கூட. கல்லில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். அன்று இரவு வறட்டுத் தோசை சுட்டேன். கத்தரிக்காய்க் காம்பால் கல்லைத் துடைக்க எனக்கு உன் அளவுக்குக் கைவரவில்லை, தோசை பிய்ந்து பிய்ந்து வந்தது. பிய்ந்ததைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

போன வாரம் மகன் என்னை மதுரைக்கு அழைத்துப் போனான். எண்பது தாண்டியவனுக்கு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றான். டாக்டர் சின்னப் பெண். கழுத்தில் பசைபோல ஒன்றைத் தடவி ஏதோ கருவியை வைத்து ஓட்டினாள். திரையில் என் ரத்தக்குழாய் தெரிந்தது. 'நல்லா விரிஞ்சு கொடுக்குது தாத்தா, வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு' என்றாள். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்கிற பெண்ணாக இருந்ததால் நான் எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்.

கொழுப்பு எல்லாம் ஒன்றில்லையாம். நெய்யில் இருப்பது ஒரு வகை, அளவு மீறினால் குழாயில் படியும். நல்லெண்ணெய், கடலை எண்ணெயில் இருப்பது வேறு வகை, அளவோடு சேர்த்துக்கொள்ளலாம், கெடுதல் இல்லை. சாளை மாதிரி மீனில் இருப்பது குழாய்க்கு நல்லதே செய்யுமாம். நீ என்ன, தெரிந்தா சாளை வைத்தாய்? எண்ணெய் மிச்சம் பிடிக்க வைத்தாய், அது எனக்குப் பலித்தது. மோசமானது எது தெரியுமா? எண்ணெயைக் கட்டியாக உறையவைத்த அந்த வனஸ்பதி. "குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் இருக்கு தாத்தா. அதுதான் குழாயை விரிச்சுக் கொடுக்கும். அந்த வெள்ளைக் கொழுப்பும், திரும்பத் திரும்பச் சுட்ட எண்ணெயும் அந்தத் தோலையே கெடுத்துடும். அப்புறம் பிரஷர் ஏறத்தான் செய்யும். உப்பும் ஊறுகாயும் சேர்ந்தா இன்னும் கேக்க வேண்டாம்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்தப் பழைய டாக்டர் மேலா? அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். கம்பெனிக்காரன் மேலா? உன் மேல்தான் வந்தது. அடிப்பாவி, கொஞ்சம் நல்லெண்ணெயை எனக்கும் ஊற்றி, கொஞ்சம் நல்லெண்ணெயோடு நீயும் நிறுத்திக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே குழம்பைச் சாப்பிட்டிருக்கலாம். இரண்டு பேரும் இருந்திருக்கலாம். மிச்ச எண்ணெயைக் கீழே ஊற்றினால் லட்சுமி போய்விடுவாள் என்றாயே, யார் போனது?

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். "வீட்டில யார் சமையல் தாத்தா? இவ்வளவு கவனமாப் பார்த்திருக்காங்களே."

"என் வீட்டுக்காரி" என்றேன். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அடுத்த தடவை வரும்போது பாட்டியையும் கூட்டிட்டு வாங்க. உங்களைக் கவனிக்கிறவங்க தங்களைக் கவனிச்சிருக்கமாட்டாங்க. அவங்களுக்கும் ஒரு தடவை பிரஷர் பார்த்துடலாம்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து திருமங்கலம் தாண்டுகிறவரை கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். துடிப்பு நன்றாக இருக்கிறது, சீராக இருக்கிறது. நீ பத்தியம் வைத்து வைத்து வளர்த்த குழாய், இன்னும் பத்து வருஷம் ஓடும்போலத்தான் இருக்கிறது. ஓடும் புள்ள, அதற்கென்ன. அம்புட்டு வருஷமும் நான் தனியாகத்தானே சாப்பிட வேண்டும்?